30 செ.மீ. கல், 31 செ.மீ. வண்டி: கொல்லைப்புறக் கிராலர் தடம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

வீட்டுக் கொல்லையில் 6 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலத்தில் ரிமோட் கிராலர் வண்டிகளுக்காக ஒரு தடைத்தடம் கட்டினோம். ஒரு முறை கட்டி, முழுக்கப் பிரித்து, மறுபடியும் கட்டினோம். முதல் தடம் பார்க்க நன்றாக இருந்தது, வண்டி மட்டும் ஓடவில்லை. ஏன் ஓடவில்லை என்று கண்டுபிடித்த விதத்தையும் அதற்கப்புறம் செய்ததையும் இங்கே எழுதுகிறேன். கொல்லையில் கல் அடுக்க நினைக்கும் இன்னொருவருக்கு நாங்கள் விட்ட மூன்று வாரம் மிச்சமானால் போதும்.

கிராலர் வேகத்துக்கான வண்டி இல்லை. நடந்து போகிற ஆளைவிட மெதுவாக, பாறைமேல் ஒவ்வொரு சக்கரமாகப் பிடித்து ஏறுவதுதான் அதன் வேலை. இடது வலது சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் பல்சக்கர அமைப்பான டிஃபரன்ஷியல், பெரும்பாலான கிராலர்களில் பூட்டியே இருக்கும். ஒரே ஆக்சிலின் இரு சக்கரமும் சேர்ந்தே சுழல்வதால், ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினாலும் மற்றது இழுத்துக்கொள்ளும்.

எங்களிடம் இரண்டு வண்டிகள் உண்டு. பெரியது 1/10 அளவு, அதாவது நிஜக் காரில் பத்தில் ஒரு பங்கு. அதன் வீல்பேஸ், அதாவது முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் உள்ள தூரம், 313 மி.மீ. ஆக்சியல் எஸ்சிஎக்ஸ்10 II வண்டிக்கும் இதே அளவுதான். டிராக்சஸ் டிஆர்எக்ஸ்-4 டிஃபெண்டருக்கு 324. ஆகவே இந்த வகை வண்டி யார் வைத்திருந்தாலும் கீழே வரும் கணக்கு ஏறக்குறைய பொருந்தும். டயர் விட்டம் 120 மி.மீ., டயரின் வெளிவிளிம்பிலிருந்து மறு வெளிவிளிம்பு வரை 230, வயிற்றுத் தகட்டுக்கும் தரைக்கும் இடைவெளி 72. சிறிய வண்டி மகளுடையது. 1/24 அளவு, வீல்பேஸ் 133, டயர் விட்டம் 54.

முதல் தடம்

இடம் லேசான சரிவு. ஒரு ஓரம் நாள் முழுக்க நிழல். மண்ணைக் கொத்திச் சமப்படுத்திவிட்டு, சுமார் நாற்பது கருங்கற்களை அதன்மேல் அப்படியே அடுக்கினோம். சாந்து வைக்கவில்லை. கல்லின் கனமே அதைப் பிடித்துக்கொள்ளும் என்று நம்பினோம். கற்களை நான்தான் பொறுக்கினேன். தனியாளாகத் தூக்க முடிந்த கல்லை மட்டும் எடுத்தேன். அதனால் எல்லாமே ஏறக்குறைய ஒரே அளவு, குறுக்கே 30 செ.மீ. சுற்றி இருந்தன. இந்த விஷயம் அன்று எனக்கு ஒரு பொருட்டாகவே படவில்லை.

இரண்டு கோளாறுகள் முதல் நாளே தெரிந்தன. ஒன்று, கல் ஆடியது. கிராலர் மூன்று கிலோகூட வராது, ஆனால் அதன் சக்கரம் கல்லின் விளிம்பைப் பிடித்துப் பின்னால் தள்ளும்போது, மூன்று புள்ளியில் நிற்காத கல் எதுவானாலும் உருளும். மழை ஒன்று பெய்து மண் இறங்கிய பிறகு பாதிக் கற்கள் ஆடின. இதற்கு மருந்து எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

இரண்டாவது கோளாறுதான் எங்களைச் சுற்றவிட்டது. வண்டி ஒரே மாதிரி மாட்டியது. எந்த இடத்தில் விட்டாலும் இரண்டு மூன்று கல் தாண்டியதும் வயிறு கல்லில் உட்கார்ந்துவிடும். நான்கு சக்கரமும் சுழலும், வண்டி அசையாது. டயர் தேய்ந்து கல்மேல் கறுப்புக் கோடு விழும், அவ்வளவுதான்.

முதலில் வண்டிமேல் பழியைப் போட்டோம். 7.4 வோல்ட் பேட்டரியை எடுத்துவிட்டு 11.1 வோல்ட் மூன்று செல் லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி போட்டோம். சக்கரம் இன்னும் வேகமாகச் சுழன்றது, கல் இன்னும் அதிகமாக நகர்ந்தது, வண்டி அதே இடத்தில். மிருதுவான ரப்பர் டயர் மாற்றினோம். பக்கச் சரிவில் பிடிப்பு கூடியது உண்மை, வயிறு மாட்டுவது நிற்கவில்லை. மாட்டிய நிலையில் திராட்டிலை, அதாவது ரிமோட்டில் வேகம் கொடுக்கும் விசையை, அழுத்திக்கொண்டே இருந்ததில் மோட்டார் விரல் வைக்க முடியாத அளவு சுட்டது. வண்டி மாட்டினால் இரண்டு நொடிக்குமேல் திராட்டில் கொடுக்கக் கூடாது என்ற பழக்கம் அன்றுதான் வந்தது.

துப்பு கிடைத்த இடம்

சின்ன வண்டி அதே கற்கள்மேல் போனது. சுலபமாகப் போனது என்று சொல்ல மாட்டேன், ஆனால் போனது. பெரிய டயரும் அதிக இழுவையும் உள்ள வண்டி நிற்கிற இடத்தில் உள்ளங்கை அளவு வண்டி எப்படிப் போகும்?

மகள் தரையில் குப்புறப் படுத்து, கன்னத்தை மண்ணில் வைத்து, வண்டியின் கண்மட்டத்திலிருந்து பார்த்தாள். நான் பெரிய வண்டியை மெதுவாக ஓட்டினேன். முன் டயர் இரண்டு கல்லுக்கு நடுவே இறங்கியது.

"நிறுத்துங்கப்பா. பின்னாடி டயரைப் பாருங்க. அதுவும் இப்பதான் பள்ளத்துல இறங்குது. ரெண்டும் ஒரே நேரத்துல இறங்குது, நடுவுல இருக்கிற கல்லு வயித்துல இடிக்குது."

நானும் படுத்துப் பார்த்தேன். அவள் சொன்னதுதான். கல் 30 செ.மீ., வீல்பேஸ் 31 செ.மீ. கற்களை நெருக்கி வைத்திருந்ததால் பள்ளத்துக்குப் பள்ளம் உள்ள தூரமும் வண்டியின் நீளமும் ஒன்றாகிவிட்டன. வண்டி எந்தப் பள்ளத்துக்கு வந்தாலும் முன்னும் பின்னும் சேர்ந்தே இறங்கும், நடுவில் இருக்கும் கல்லின் முதுகு நேராக வயிற்றுக்குக் கீழே வரும்.

அன்று மாலை கணக்குப் போட்டுப் பார்த்தோம். இரண்டு கல்லின் தோள்களுக்கு, அதாவது டயர் தொட்டு நிற்கும் விளிம்புகளுக்கு, நடுவே 110 மி.மீ. இடைவெளி இருந்தால் 120 மி.மீ. டயர் அதில் 36 மி.மீ. இறங்கும். இரண்டு ஆக்சிலும் சேர்ந்து இறங்கினால், 72 மி.மீ. உயரத்தில் இருக்கும் வயிறு கல்லின் தோளிலிருந்து வெறும் 36 மி.மீ. மேலேதான் நிற்கும். எங்கள் கற்களின் முதுகு தோளைவிட 50 மி.மீ. உயரம். 14 மி.மீ. இடிக்கிறது, வேறு ஒன்றுமில்லை. அதே இடத்தில் ஒரு ஆக்சில் பள்ளத்திலும் மற்றது கல்லின் உச்சியிலும் இருந்திருந்தால் வயிற்றின் நடுப்பகுதி தோளிலிருந்து 79 மி.மீ. உயரத்தில் இருக்கும், தாராளமாகத் தாண்டும். சின்ன வண்டிக்கு வீல்பேஸ் 133 என்பதால் அதன் இரு ஆக்சிலும் எங்கள் கல்வரிசையில் ஒருபோதும் சேர்ந்து இறங்கவில்லை. ஒவ்வொரு கல்லும் அதற்கு ஒரு தனி மேடு. ஏறியது, இறங்கியது, போனது.

பள்ளங்களின் தூரம் வீல்பேஸுக்குச் சமமாக இருந்தால் மட்டும் இல்லை, அதில் சரிபாதியாக இருந்தாலும் இதே கதிதான். 156 மி.மீ. தூரத்தில் வரிசையாகப் பள்ளம் இருந்தால், முன் டயர் ஒன்றில் இருக்கும்போது பின் டயர் அதற்கு இரண்டு பள்ளம் தள்ளி இன்னொன்றில் இருக்கும். 20 முதல் 22 செ.மீ. வரை, அல்லது 45 செ.மீ.க்கு மேல் என்று வைத்தால்தான் ஆக்சில்கள் மாறி மாறி ஏறி இறங்குகின்றன. கல்லின் உயரத்தைப் பற்றியும் கூர்மையைப் பற்றியும் எவ்வளவோ யோசித்திருந்தோம். கல்லுக்கும் கல்லுக்கும் உள்ள தூரத்தை வண்டியோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

பொய் வண்டி

பிரித்துக் கட்டுவது என்று முடிவானதும் மகள் ஒரு கருவி செய்தாள். ஒரு மரச்சட்டம், அதில் 313 மி.மீ. தூரத்தில் இரண்டு ஆணி, ஆணியில் சுழலும்படி 120 மி.மீ. விட்டத்தில் வெட்டிய இரண்டு ஒட்டுப்பலகை வட்டுகள். சட்டத்தின் கீழ்விளிம்பு வண்டியின் வயிற்று உயரத்திலேயே இருக்கும். இதற்குப் பொய் வண்டி என்று பெயர். சாந்து அப்பிய கையோடு நிஜ வண்டியைத் தொட வேண்டியதில்லை, கல்லை வைத்ததும் இதை உருட்டிப் பார்த்தால் போதும். எங்கே சட்டம் கல்லில் முட்டுகிறதோ அங்கே சுண்ணக்கட்டியால் ஒரு கோடு. கோடு விழுந்த கல்லைத் திருப்பு, அல்லது நகர்த்து. இந்த வேலையில் நாங்கள் செய்த மிகப் பயனுள்ள பொருள் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். அரை மணி நேரத்தில் செய்துவிடலாம், உங்கள் வண்டியின் அளவுக்குச் செய்யுங்கள்.

இரண்டாம் தடம்

10 செ.மீ. ஆழத்துக்கு மண்ணை எடுத்து, 5 செ.மீ. ஜல்லி கொட்டி, திமிசுக்கட்டையால் இடித்தோம். நீளவாக்கில் 50-க்கு 1 என்ற சரிவு வைத்தோம், அதாவது 6 மீட்டருக்கு 12 செ.மீ. மழைநீர் ஒரு மூலைக்குப் போய்விடும். ஒவ்வொரு கல்லும் மூன்றில் ஒரு பங்கு புதையும்படி, அகலமான முகம் கீழே இருக்கும்படி வைத்தோம். சாந்து ஒரு பங்கு சிமெண்டுக்கு நான்கு பங்கு மணல், தண்ணீர் குறைவாக. வைத்த மறுநாள் ஒவ்வொரு கல்மேலும் ஏறி நின்று இரு காலாலும் ஆட்டிப் பார்த்தோம். ஆடின நான்கையும் பெயர்த்து மறுபடி வைத்தோம். அப்புறம் ஈரச் சாக்கு போட்டு ஏழு நாள் தண்ணீர் காட்டினோம். சிமெண்ட் தோலை அரிக்கும், குழந்தைகள் கூட வேலை செய்தால் கையுறை கட்டாயம்.

கற்களின் அளவு இந்த முறை வேண்டுமென்றே கலப்பு. 15 செ.மீ. கல் சில, 45 முதல் 50 செ.மீ. வரை ஆறு. பெரிய கற்களைக் கடப்பாரையால் நெம்பி இருவராகத்தான் உருட்ட முடிந்தது. பழைய கற்களில் பத்தைச் சம்மட்டியால் உடைத்தோம். உடைந்த முகம் சொரசொரப்பாக இருப்பதால் டயர் நன்றாகப் பிடிக்கிறது. வழவழப்பான கூழாங்கற்களை ஓடும் பாதையில் எங்கும் வைக்கவில்லை.

இடது சக்கரம் போகும் வரிசையில் பள்ளம் வரும் இடத்துக்கு எதிரே வலது வரிசையில் மேடு வரும்படி அடுக்கினோம். இது வண்டியை முறுக்குகிறது. முன் ஆக்சில் ஒரு பக்கம் சாய, பின் ஆக்சில் மறுபக்கம் சாயும். கிராலர் ஓட்டுவதில் பார்க்க இதைவிட அழகான காட்சி எனக்கு வேறு இல்லை. வண்டியின் சஸ்பென்ஷன் எதற்காக அவ்வளவு நீளம் என்று அப்போதுதான் புரிகிறது.

படி உயரத்துக்கு டயரையே அளவாக வைத்துக்கொண்டோம். டயர் உயரத்தில் பாதி, அதாவது 6 செ.மீ. வரை, யார் ஓட்டினாலும் ஏறும். முழு உயரம் 12 செ.மீ. செங்குத்தாக இருந்தால் எந்தச் சக்கரத்தை முதலில் வைப்பது என்று யோசிக்க வேண்டும். தடத்தில் பெரும்பாலும் 5 முதல் 9 செ.மீ. வரையான படிகள், 12 செ.மீ. மூன்றே மூன்று. அந்த மூன்றுக்கும் பக்கத்தில் சுற்றிப் போகிற சுலபமான வழி ஒன்று விட்டிருக்கிறோம். ஒரே வழி உள்ள தடையில் ஒரு தரம் ஏறிவிட்டால் பிறகு அங்கே யோசிக்க ஒன்றும் இருக்காது. முதல் தடத்தின் இன்னொரு குறை அது.

ஏற்றம் ஒன்று கட்டினோம், 40 டிகிரி. இவ்வளவு சரிவில் வண்டி வழுக்காமல் நிற்க உராய்வு எண் 0.84 வேண்டும், 45 டிகிரிக்கு 1. காய்ந்த சொரசொரப்பான பரப்பில் நல்ல ரப்பர் இதைக் கொடுக்கும், புழுதி படிந்தால் கொடுக்காது. அதனால் சாந்து இறுகுவதற்குள் துடைப்பத்தால் குறுக்கே இழுத்துக் கோடு போட்டோம், கரணையால் மழுக்கவில்லை. இறக்கத்தில் திராட்டிலை விட்டதும் மோட்டாரே வண்டியைப் பிடித்து நிறுத்தும் டிராக் பிரேக் முழு அளவில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பாதியிலேயே வண்டி ஓடத் தொடங்கும்.

பக்கச் சரிவுக்கு முதலில் வண்டியைச் சோதித்தோம். ஒரு பலகைமேல் குறுக்காக நிறுத்தி, பலகையின் ஒரு ஓரத்தை மெதுவாகத் தூக்கி, மேல்பக்க டயர் எழும்பும் கோணத்தைக் குறித்துக்கொண்டோம். 41 டிகிரி வந்தது. பேட்டரியை முன்பக்கம் தாழ்வாக மாற்றி வைத்து, முன் ஆக்சிலில் பித்தளை எடை சேர்த்ததும் 45 ஆனது. தடத்தில் வைத்த சரிவு 30 டிகிரி. மீதி எதற்கு என்றால், சரிவில் ஓடும்போது மேல்பக்க டயர் ஒரு சின்னக் கல்மேல் ஏறினாலே கோணம் சட்டென்று கூடிவிடும். 230 மி.மீ. அகல வண்டியின் ஒரு பக்கம் 4 செ.மீ. எழுந்தால் சுமார் 10 டிகிரி கூடுதல் சாய்வு.

பாலம் பற்றிச் சுருக்கமாக. கயிற்றில் கோர்த்த மரச்சட்டங்கள், அகலம் 30 செ.மீ., சட்டத்துக்குச் சட்டம் 4 செ.மீ. இடைவெளி. சின்ன வண்டியின் டயரும் அதில் 9 மி.மீ.தான் இறங்குகிறது, இரண்டு வண்டிக்கும் ஒரே பாலம் போதும்.

நிற்கும் இடம்

வரைபடம் போடும்போது வண்டி போகிற வழியை மட்டுமே வரைந்திருந்தோம், ஆள் நிற்கிற இடத்தை மறந்துவிட்டோம். 4 மீட்டர் அகலத் தடத்தின் நடுவில் வண்டி கவிழ்ந்தால் ஓரத்திலிருந்து கை எட்டாது. குனிந்து கை நீட்டினால் 70 செ.மீ. எட்டும், அதற்குமேல் கல்மேல் மிதித்துத்தான் போக வேண்டும். ஈரக் கல்லில் அது ஆபத்து. இரண்டாம் தடத்தில் நடுவே 40 செ.மீ. அகலத்தில் வளைந்து போகும் நடைபாதை விட்டோம், தட்டையான கற்கள் பதித்து. எந்தத் தடையிலிருந்தும் பாதை இரண்டு எட்டு தூரத்துக்குள் இருக்கிறது. இதனால் ஓடும் பரப்பு கொஞ்சம் குறைந்தது, வருத்தமில்லை. பக்கத்தில் நின்று சக்கரத்தைப் பார்த்து ஓட்டுவதற்கும் தூரத்தில் நின்று ஊகித்து ஓட்டுவதற்கும் அவ்வளவு வித்தியாசம்.

வாயில்களும் புள்ளியும்

பத்து வாயில்கள். ஒவ்வொன்றும் இரண்டு மூங்கில் குச்சி, நடுவே 30 செ.மீ. பின்னோக்கி எடுத்தால் 1 புள்ளி, குச்சியைத் தொட்டால் 10, கையால் எடுத்து வைத்தாலும் 10. பத்து நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும், குறைந்த புள்ளி எடுத்தவர் வெற்றி. வாயில்களைக் கல்லின் எந்தப் பக்கத்தில் நடுகிறோம் என்பதைப் பொறுத்து அதே தடம் வேறு தடமாகிவிடுகிறது. சுலப வழியை மூடி 12 செ.மீ. படியைக் கட்டாயமாக்க இரண்டு குச்சி போதும்.

மகள் சொன்ன யோசனை ஒன்றும் நன்றாக வேலை செய்கிறது. ஏழு இடங்களில் கல்லைச் சாந்தில் பதிக்காமல் மணல் நிரப்பிய குழியில் உட்கார வைத்திருக்கிறோம். குழி கல்லின் பாதி ஆழம், அதனால் கல் ஆடாது. மாதம் ஒருமுறை இவற்றைப் பெயர்த்து வேறு முகம் மேலே வரும்படி திருப்பி வைக்கிறாள். ஒவ்வொரு முறையும் பொய் வண்டியை உருட்டிப் பார்த்த பிறகுதான் மணலை மூடுகிறாள்.

விளைவும் மிச்சமும்

பேட்டரி மறுபடி 7.4 வோல்ட்டுக்கே வந்துவிட்டது. அதே மோட்டார்தான், இப்போது சூடாவதில்லை. வயிறு மாட்டுவது முழுக்க நிற்கவில்லை, ஆனால் மாட்டினால் அது நாம் தேர்ந்தெடுத்த வழியின் பிழை. இரண்டு விரல் தள்ளி வந்திருந்தால் போயிருக்கும் என்று ஒவ்வொரு முறையும் தெரிகிறது. முன் சக்கரங்களைத் திருப்பும் சின்ன மோட்டாரான ஸ்டியரிங் சர்வோ ஒன்று போனது, டயர் இரண்டு கல்லுக்கு நடுவே நெருக்குண்டு இருக்கும்போது நான் திருப்பியதால்.

தண்ணீர்க் குழி ஒன்று வைத்தது சரியாக வரவில்லை. சக்கரத்தின் மையம் 6 செ.மீ. உயரத்தில் இருப்பதால் நீர் 5 செ.மீ.க்குமேல் போகக் கூடாது என்று கணக்காகத்தான் கட்டினோம். வண்டி நன்றாகவே கடந்தது. ஆனால் நீர் ஒரு வாரம் தேங்கினாலே கொசு பெருகிவிடும். அடியில் 20 மி.மீ. குழாய் பதித்து அடைப்பான் போட்டிருக்கிறோம். ஓட்டும் அன்று நிரப்பி, முடிந்ததும் திறந்துவிடுகிறோம். ஓடி முடித்த அன்றே வண்டியைக் காயவைத்து, ஆக்சில் பேரிங்குக்கு ஒரு சொட்டு எண்ணெய் விடாவிட்டால் அடுத்த வாரம் கிரீச் என்று கத்தும்.

நிழல் ஓரத்தில் பாசி பிடிக்கிறது. மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை கம்பி பிரஷ்ஷால் தேய்க்கிறோம். அந்த ஓரத்தில்தான் ஏழாவது வாயில் இருக்கிறது: 12 செ.மீ. படி, ஏறின கையோடு இடப்பக்கம் சரிவு. சின்ன வண்டிக்கு அங்கே தனிச் சந்து இருப்பதால் மகள் ஒரு புள்ளிகூட இல்லாமல் கடந்துவிட்டாள். பெரிய வண்டியில் இதுவரை எங்கள் சிறந்த ஓட்டம் இரண்டு பின்னோக்கு, 2 புள்ளி. படிக்குக் கீழே இருக்கும் சின்னக் கல்லை ஒரு விரல் கிழக்கே நகர்த்தினால் வலது முன் சக்கரம் முதலில் ஏறும் என்கிறாள் அவள். நகர்த்தவே வேண்டாம், வண்டியை இன்னும் சாய்வாகக் கொண்டுவந்தால் போதும் என்கிறேன் நான். ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டையும் செய்து பார்க்கப் போகிறோம்.